குடும்பம் இல்லாத இளைஞருக்கு அவசரச் சிகிச்சை: கம்பம் – குமுளி எல்லையில் எதை முதலில் செய்வது, பணம் எங்கே கேட்பது

ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிற பையன். வயது இருபது, இருபத்தைந்து இருக்கும். அப்பா அம்மா இல்லை, அல்லது இருந்தும் இல்லாத மாதிரி. மரத்திலிருந்து விழுந்தோ, ஜீப் கவிழ்ந்தோ, குடல்வால் வெடித்தோ ஆஸ்பத்திரியில் கிடக்கிறான். கூட வேலை பார்க்கும் நாலு பேர், வாடகை வீட்டுக்காரர், டீக்கடைக்காரர் என்று நீங்கள்தான் வெளியே நிற்கிறீர்கள். உள்ளே இருந்து நர்ஸ் வந்து "இவருக்கு யாரு கூட இருக்கீங்க?" என்று கேட்கிறார்.

இந்த இடத்தில் எல்லோரும் முதலில் வாட்ஸ்அப்பில் பணம் கேட்கத்தான் போவார்கள். என்னைக் கேட்டால் அது நாலாவது வேலை. ஆள் நிற்பது, ஆஸ்பத்திரி முடிவு செய்வது, எஸ்டிமேட் (செலவு மதிப்பீடு) தாள் வாங்குவது என்ற மூன்றும் முடிந்த பிறகு கேட்டால், கேட்க வேண்டிய தொகையே பாதியாகக் குறைந்திருக்கும். பல நேரம் கேட்க வேண்டிய தேவையே இருக்காது.

முதல் மணி நேரம்

108-க்கு அடியுங்கள். தமிழ்நாடு, கேரளா இரண்டிலும் அதே எண்தான், இரண்டிலும் இலவசம். மலைமேல், கேரளப் பக்கம் இருந்தால் பீர்மேடு, கட்டப்பனை தாலுகா ஆஸ்பத்திரிகள். கீழே இறங்கினால் கம்பம் அரசு மருத்துவமனை. அங்கே நிலைப்படுத்திய பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரி பற்றிய பேச்சு.

வழியில் தனியார் ஆஸ்பத்திரிதான் கிடைக்கிறது என்றால் தயங்காமல் இறக்குங்கள். உயிர் ஆபத்தில் இருப்பவருக்கு முதலுதவி தருவது அரசு, தனியார் என்ற பேதமில்லாமல் ஒவ்வொரு மருத்துவரின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 1989-லேயே பரமானந்த் கட்டாரா வழக்கில் சொல்லிவிட்டது. போலீஸ் வரட்டும், அட்வான்ஸ் கட்டட்டும் என்று காத்திருக்க வைக்கக் கூடாது. கேரளாவில் 2018-ல் வந்த மருத்துவ நிறுவனங்கள் சட்டமும் இதையே சொல்கிறது. கவுண்டரில் சத்தம் போட வேண்டாம். "முதல்ல ஸ்டெபிலைஸ் பண்ணுங்க, பணத்தைப் பத்தி அடுத்துப் பேசலாம்" என்று டியூட்டி டாக்டரிடமே நேராகச் சொல்லுங்கள். சொல்ல வேண்டிய ஆள் அவர்தான், கேஷியர் அல்ல.

சாலை விபத்தில் அடிபட்டவரைக் கொண்டுவந்த நல்ல மனிதர் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-ல் சேர்த்த பிரிவு அவருக்குப் பாதுகாப்பு தருகிறது. போலீஸ் கேஸ் ஆகிவிடுமே என்று பயந்து ஜீப் டிரைவர் நழுவப் பார்த்தால் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

கூட நிற்கும் ஆள்

கேரள ஆஸ்பத்திரிகளில் பைஸ்டாண்டர் என்பார்கள், நம் பக்கம் அட்டெண்டர். சொந்தக்காரராக இருக்க வேண்டிய அவசியமில்லை. பலர் தடுமாறுவது கையெழுத்து விஷயத்தில்தான். "ஆபரேஷனுக்குச் சொந்தக்காரங்க கையெழுத்து வேணும்" என்று வார்டில் யாராவது சொல்வார்கள். பதினெட்டு வயது தாண்டி, சுயநினைவோடு இருக்கும் ஒருவருக்கு அவர் கையெழுத்தே போதும். நினைவில்லாமல், உயிர் ஆபத்தில் இருந்தால், யார் சம்மதமும் கிடைக்காத நிலையில் நல்லெண்ணத்தோடு சிகிச்சை செய்யும் மருத்துவருக்குச் சட்டத்தில் பாதுகாப்பு உண்டு. நீங்கள் கையெழுத்துப் போட்டால் 'நண்பர்' என்றோ 'உடன் பணிபுரிபவர்' என்றோ உறவை உள்ளபடி எழுதுங்கள். அண்ணன் என்று பொய் எழுதிவிட்டால், அப்புறம் காப்பீட்டுக் கவுண்டரில் ரேஷன் கார்டு கேட்கும்போது அந்தப் பொய் தலையைத் தூக்கும்.

ஒரே ஆள் எல்லாவற்றையும் தூக்கிச் சுமந்தால் மூன்றாம் நாள் விழுந்துவிடுவார். மூன்று பேராகப் பிரித்துக்கொள்ளுங்கள். வார்டில் நிற்க ஒருவர், ஆபீஸ் ஆபீஸாக அலைய ஒருவர், பணமும் கணக்கும் பார்க்க ஒருவர். பணம் பார்ப்பவரும் வார்டில் நிற்பவரும் ஒரே ஆளாக இருக்க வேண்டாம். சந்தேகம் வருவது அங்கேதான்.

பையன் பேசும் நிலையில் இருக்கும்போதே சில விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: ஆதார் எங்கே இருக்கிறது, எந்த ரேஷன் கார்டில் பெயர் இருக்கிறது, வங்கி எது, முதலாளி யார், எதற்காவது ஒவ்வாமை உண்டா. போனின் பூட்டு எண்ணையும் அவர் சம்மதத்தோடு கேட்டு வையுங்கள். ஓ.டி.பி. அந்தப் போனுக்குத்தான் வரும்.

எந்தப் பக்கம் படுப்பது

நம் ஊர்க்காரர்களுக்கு மட்டும் உள்ள கேள்வி இது. செலவில் பெரும்பங்கைத் தீர்மானிப்பதும் இதுதான். எல்லையில் இருக்கும் தமிழ்ப் பையன்கள் மூன்று வகை.

ஒரு வகை, தமிழ்நாட்டு ரேஷன் கார்டில் பெயர் இருப்பவர். கம்பம், உத்தமபாளையம், போடி பக்கத்திலிருந்து காலையில் ஜீப் ஏறிப்போய்ச் சாயங்காலம் இறங்குபவர். இவரைக் க.விலக்கில் இருக்கும் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு, அங்கே முடியாததற்கு மதுரை ராஜாஜி மருத்துவமனைக்குக் கொண்டுபோவதே புத்திசாலித்தனம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும்.

இரண்டாவது, தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்தவர். பேச்சு தமிழ், கார்டு கேரளா. இவருக்குக் கோட்டயம் மருத்துவக் கல்லூரியோ செறுதோணியில் உள்ள இடுக்கி மருத்துவக் கல்லூரியோதான் சரி. காருண்ய ஆரோக்கிய சுரக்ஷா திட்டத்தில் பெயர் இருந்தால் அங்கேயும் ஆண்டுக்கு 5 லட்சம். அதில் பெயர் இல்லை, ஆனால் வருமானம் 3 லட்சத்துக்குக் கீழ் என்றால் காருண்ய பெனவலன்ட் ஃபண்டில் 2 லட்சம் வரை, சிறுநீரக நோய்க்கு 3 லட்சம் வரை கேட்கலாம். விவரத்துக்குக் கேரளாவின் திசா உதவி எண் 1056.

மூன்றாவது வகைதான் சிக்கல். குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து வெளியே வந்தவர், சின்ன வயதில் வீட்டை விட்டு வந்தவர், அப்பா அம்மா போன பிறகு கார்டே இல்லாமல் போனவர். இவருக்கு எந்தக் கார்டும் கையில் இல்லை. ஆனால் "ஒண்ணுமே கிடையாது" என்று பையன் சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம். இறந்துபோன அம்மாவின் கார்டில் பெயர் இன்னும் நீக்கப்படாமல் இருக்கலாம். ஆதார் எண் இருந்தால் ரேஷன் கடையிலோ இ-சேவை மையத்திலோ விசாரிக்கலாம். சித்தப்பா கார்டில் பெயர் இருந்தால் மட்டும் கவனம்: காப்பீட்டுத் திட்டத்தின் கணக்கில் குடும்பம் என்றால் கணவன், மனைவி, பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர். அண்ணன் மகன் அந்தப் பட்டியலில் இல்லை. கவுண்டரில் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

இல்லத்தில் வளர்ந்தவர் என்றால், அந்த மாவட்டத்தின் குழந்தைகள் பாதுகாப்பு அலகைப் பிடியுங்கள். இல்லத்திலிருந்து வெளியே வந்த இளைஞர்களுக்கு 21 வயது வரை, சிறப்பு நிலையில் 23 வரை, பின்தொடர் ஆதரவு தர 2015 இளைஞர் நீதிச் சட்டத்திலும் அதன் விதிகளிலும் இடம் உண்டு. வயது தாண்டியிருந்தாலும் அவர்களிடம் இருக்கும் பழைய பதிவேடுதான் அந்தப் பையன் யார் என்பதற்கு ஆதாரம். ஆதரவற்றவர் என்று எழுதி வாங்க அதைவிட நல்ல இடம் இல்லை.

எல்லை தாண்டி வேலை செய்பவருக்கு இன்னும் இரண்டு வாய்ப்புகள் உண்டு. கேரளாவில் வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு 'ஆவாஸ்' என்ற காப்பீடு இருக்கிறது. ஏற்கெனவே பதிவு செய்திருந்தால் 25,000 ரூபாய் வரை சிகிச்சைக்கு உதவும். பெரிய தொகையில்லைதான், ஆனால் முதல் இரண்டு நாள் செலவைத் தாங்கும். இன்னொன்று, பையனின் குடும்பம் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் பட்டியலில் இருந்தால் அந்தச் சலுகையை வேறு மாநிலத்திலும், அந்தத் திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியில் பயன்படுத்தலாம். பெயர் இருக்கிறதா என்று 14555-ல் கேட்கலாம். மாநில அரசு மட்டும் சேர்த்த பயனாளிகளுக்கு இது பொருந்தாது. தமிழ்நாட்டுக் காப்பீட்டு அட்டையைக் கேரள ஆஸ்பத்திரியில் நீட்டிவிட்டு ஏமாந்து நிற்காதீர்கள்.

சாலை விபத்து என்றால் கணக்கே வேறு

விபத்து தமிழ்நாட்டு எல்லைக்குள் நடந்திருந்தால் 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கிறது. 2021 டிசம்பரில் தொடங்கியது. முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். அடிபட்டவர் எந்த மாநிலத்தவர், கார்டு உண்டா, வருமானம் என்ன என்று எதுவும் கேட்க மாட்டார்கள். கார்டே இல்லாத பையனுக்கு இதைவிட நல்ல வாசல் இல்லை. திட்டத்தில் சேர்ந்த ஆஸ்பத்திரியா என்று மட்டும் 108-காரரிடம் கேளுங்கள்.

மேலே கேரள எல்லைக்குள் நடந்திருந்தால், 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டம்: மோட்டார் வாகன விபத்தில் அடிபட்ட யாருக்கும் விபத்து நாளிலிருந்து 7 நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் வரை பணம் கட்டாமல் சிகிச்சை. நாடு முழுக்கச் செல்லும். இதற்கும் போலீஸ் பதிவு முக்கியம். அதனால் அன்றைக்கே எந்த ஸ்டேஷன் எல்லை என்று பார்த்துத் தகவல் கொடுங்கள். "விபத்துன்னு சொல்லாதீங்க, விழுந்துட்டான்னு சொல்லிடலாம்" என்று வண்டிக்காரர் கெஞ்சுவார். கேட்காதீர்கள். இலவசச் சிகிச்சையும் போய், பின்னால் கிடைக்க வேண்டிய இழப்பீடும் போய்விடும்.

எஸ்டிமேட் என்ற ஒரு தாள்

இந்த ஒரு தாள் கையில் இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது. ஆஸ்பத்திரி லெட்டர் ஹெட்டில், டாக்டரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் முத்திரையும் இருக்க வேண்டும். நோயாளியின் பெயர் ஆதாரில் உள்ளபடியே இருக்க வேண்டும். ஒரு எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்புவார்கள். என்ன நோய், என்ன சிகிச்சை, எவ்வளவு அவசரம், மொத்தம் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள். 'அவசரம்' என்று எழுத்தில் இருந்தால்தான் தாசில்தார் ஆபீஸில் உங்கள் மனு மேலே வரும்.

தனியார் ஆஸ்பத்திரி என்றால் எஸ்டிமேட் வாங்கும்போதே பொது வார்டுக் கணக்கில் கேளுங்கள். பல இடங்களில் ரூம் வகை மாறினால் டாக்டர் ஃபீஸ், ஆபரேஷன் தியேட்டர் வாடகை எல்லாமே சேர்ந்து மாறும். ரூம் வாடகையில்தானே வித்தியாசம் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது.

அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றுவது என்று முடிவானால், பரிந்துரைக் கடிதமும் ஸ்கேன், ரத்த ரிப்போர்ட் நகல்களும் வாங்கிக்கொண்டு மாற்றுங்கள். 'மருத்துவ அறிவுரைக்கு மாறாகப் போகிறோம்' என்ற தாளில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டாம். மாற்ற முடியுமா என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். காசு மிச்சம் என்பதற்காக மூளையில் ரத்தக்கசிவு உள்ளவரை மலைப்பாதையில் இறக்கக் கூடாது.

கார்டு இல்லாதவருக்குக் காப்பீடு கேட்பது

தமிழ்நாட்டுப் பக்கம் நடைமுறை இப்படி: கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார். இவற்றோடு கலெக்டர் அலுவலகத்தில் உள்ள காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிவு. பையன் படுக்கையில் இருக்கிறார் என்றால் ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு போய், அவர் நேரில் வராமல் என்ன வழி என்று அங்கேயே கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரிக்குள்ளேயே காப்பீட்டுக் கவுண்டர் இருக்கும். அங்கே இருப்பவரிடம் முதலிலேயே பழகிக்கொள்வது நல்லது. எந்தத் தாளில் என்ன குறை என்று ஒரே பார்வையில் சொல்லிவிடுவார். திட்டத்தின் இலவச எண் 1800 425 3993.

ரேஷன் கார்டே இல்லை என்றால் நேராகத் திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாளில் கலெக்டரிடம் மனு கொடுங்கள். மற்ற நாளாக இருந்தால் கலெக்டரின் நேர்முக உதவியாளரைப் பாருங்கள். மனு அரைப் பக்கம் போதும். பையனின் நிலை, எஸ்டிமேட் தொகை, கேட்பது என்ன என்ற மூன்றும் இருக்கட்டும். கேட்பதைத் தெளிவாக எழுதுங்கள்: 'காப்பீட்டில் சேர்க்க உத்தரவிட வேண்டும்' அல்லது 'முதலமைச்சர் பொது நிவாரண நிதிக்குப் பரிந்துரைக்க வேண்டும்'. சும்மா 'ஆவன செய்ய வேண்டும்' என்று முடித்தால் மனு மேஜை மேஜையாகச் சுற்றும். எம்.எல்.ஏ., எம்.பி. கடிதம் கூட இருந்தால் நல்லது. பிரதமரின் தேசிய நிவாரண நிதியில் இதய அறுவை, சிறுநீரக மாற்று, புற்றுநோய் போன்றவற்றுக்குப் பகுதி உதவி தருவார்கள். பணம் ஆஸ்பத்திரிக்கே போகும். ஏற்கெனவே கட்டிய பணத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். அதனால் கட்டுவதற்கு முன்பே விண்ணப்பம் போக வேண்டும்.

முதலாளியை விட்டுவிடாதீர்கள்

வேலையிடத்தில் நடந்த காயம் என்றால் சிகிச்சைச் செலவு முதலாளியின் பொறுப்பு. தர்மமாகக் கேட்க வேண்டிய விஷயமல்ல. இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) உள்ள இடமா, மாதச் சம்பளம் 21,000-க்குள்ளா என்று பாருங்கள். பெரிய தோட்டம் என்றால் தோட்ட ஆஸ்பத்திரியும் உண்டு. கங்காணி ஐயாயிரம் ரூபாயைக் கையில் திணித்து "அண்ணே, இத்தோட முடிச்சிக்குவோம், பையன் கிட்ட ஒரு கையெழுத்து மட்டும் வாங்கிக் குடுங்க" என்று சொல்வார். பணத்தை வாங்கிக்கொள்ளலாம். "வாங்கினது ஐயாயிரம்னு மட்டும் எழுதித் தர்றோம் தம்பி" என்று சொல்லுங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்து, 'இனி உரிமை கோர மாட்டேன்' என்ற வரி இரண்டும் கூடவே கூடாது. பையன் தெளிந்த பிறகு தொழிலாளர் துறை அலுவலகத்தில் பேசிக்கொள்ளட்டும்.

இப்போது பணம் கேட்கலாம்

திட்டங்கள் தந்தது போக மிச்சம் எவ்வளவு என்று இப்போது தெரியும். அந்தத் தொகையை மட்டும் கேளுங்கள். 'முடிந்த உதவி' என்பதைவிட ஒரு எண்ணுக்கு ஜனம் அதிகம் இரங்கும். செய்தி இப்படி இருக்கலாம்:

"வண்டன்மேடு பகுதியில் ஏலத்தோட்ட வேலை பார்க்கும் 24 வயது இளைஞர், மரத்திலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்து (ஆஸ்பத்திரி பெயர்) எலும்பு வார்டில் இருக்கிறார். பெற்றோர் இல்லை. எஸ்டிமேட் 1,40,000. காப்பீட்டில் 80,000 வந்துவிட்டது, தோட்ட முதலாளி 15,000 தந்தார். தேவை 45,000. அறுவை வெள்ளிக்கிழமை. பணத்தை ஆஸ்பத்திரிக் கணக்குக்கே நோயாளி எண் குறிப்பிட்டு அனுப்பலாம். தொகை சேர்ந்ததும் இதே குழுவில் நிறுத்தச் சொல்கிறோம்."

கடைசி வரி ரொம்ப முக்கியம். நிறுத்தச் சொல்லாத செய்தி ஆறு மாதம் கழித்தும் சுற்றிக்கொண்டிருக்கும். மூக்கில் குழாயோடு கிடக்கும் படத்தைப் போடுவது எனக்குப் பிடிக்காது. நாளை எழுந்து வேலைக்குப் போக வேண்டிய பையன். போட்டோ போட வேண்டும் என்றால் அவர் சம்மதம் கேளுங்கள். ஆதார் நகலைக் குழுவில் போடவே போடாதீர்கள். எஸ்டிமேட் தாளில் போன் எண்ணையும் முகவரியையும் மறைத்துவிட்டுப் போடலாம்.

பணம் எந்தக் கணக்குக்கு வர வேண்டும்? ஆஸ்பத்திரிக் கணக்கு முதல் தேர்வு, பையனின் சொந்தக் கணக்கு இரண்டாவது. உங்கள் சொந்த ஜி-பே எண்ணைப் போடாதீர்கள். உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஓராண்டில் 50,000 ரூபாய்க்கு மேல் வந்தால் வருமான வரிக் கேள்வி உங்கள் தலையில் விழும். ஊர்க் கேள்வி அதற்கு முன்பே வந்துவிடும். மலைமேல் இதற்கு ஒரு நல்ல பழக்கம் இருக்கிறது. பஞ்சாயத்து வார்டு மெம்பரை முன்னிறுத்திச் சிகிச்சை உதவிக் கமிட்டி போட்டு, இரண்டு மூன்று பேர் பெயரில் கூட்டுக் கணக்கு திறப்பார்கள். பிரியாணி விற்றுப் பணம் சேர்க்கும் 'பிரியாணி சேலஞ்ச்' நடத்துவார்கள். ஒரு நாள் வசூலை அப்படியே கொடுக்கும் தனியார் பஸ்களும் உண்டு. நம் பக்கமும் இதைச் செய்யலாம். ஏலக்காய் வியாபாரிகள், ஜீப் ஸ்டாண்டு, பள்ளிவாசல் ஜமாத், சர்ச்சின் வின்சென்ட் தே பால் சபை, கோயில் கமிட்டி, லயன்ஸ், ரோட்டரி என்று கேட்க இடம் நிறைய. எல்லாரிடமும் அதே எண்ணைச் சொல்லுங்கள். இவர்களுக்குள் பேசிக்கொள்வார்கள்.

மிலாப், கெட்டோ மாதிரி இணையத்தில் நிதி திரட்டும் தளங்கள் பெரிய தொகைக்குச் சரி. கட்டணம் எவ்வளவு கழியும், பணம் எத்தனை நாளில் ஆஸ்பத்திரிக்குப் போகும் என்று தொடங்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். நாற்பதாயிரம் ரூபாய்க்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம்.

கணக்குக்கு நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு, ரசீது எண். தினமும் ராத்திரி அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டால் கேள்வியே வராது. ஆட்டோவுக்கும் டீக்கும் ஆன செலவை மறைக்காதீர்கள், எழுதுங்கள்.

பில் கட்டும்போது

ஆஸ்பத்திரிக்கு ஒரு பில்லுக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கட்ட முடியாது, வருமான வரிச் சட்டம் விடாது. யு.பி.ஐ.யில் ஆஸ்பத்திரிகளுக்கு ஒரு தடவைக்கு 5 லட்சம் வரை போகும். விவரமான பில் கேளுங்கள், ஒற்றை வரி பில்லை ஏற்க வேண்டாம். பிரிக்காத மருந்துகளை ஃபார்மசியில் திருப்பிக் கொடுத்துக் கழிக்கச் சொல்லுங்கள். இதய ஸ்டென்ட்டுக்கு 2017 முதல் மத்திய அரசின் உச்சவிலை உண்டு, அதைத் தாண்டியிருக்கிறதா பாருங்கள். வெளியே எழுதிக் கொடுக்கும் மருந்துகளுக்குத் தமிழ்நாட்டில் முதல்வர் மருந்தகம், கேரள மருத்துவக் கல்லூரிகளில் காருண்ய ஃபார்மசியும் அம்ரித் மருந்துக் கடையும், இரு பக்கமும் மக்கள் மருந்தகம்.

மிச்சம் கட்ட முடியவில்லை என்றால் மருத்துவ சமூகப் பணியாளரையோ நிர்வாகியையோ பாருங்கள். பையனின் நிலையை எழுத்தில் கொடுத்துக் குறைக்கச் சொல்லுங்கள், தவணை கேளுங்கள். பில்லுக்காக நோயாளியைப் பிடித்து வைப்பது தேசிய மனித உரிமை ஆணையத்தின் நோயாளிகள் உரிமைப் பட்டியலுக்கு விரோதம். அதை மிரட்டலாக எடுக்காமல் பேச்சின் கடைசியில் நினைவூட்டலாக வைத்துக்கொள்ளுங்கள்.

டிஸ்சார்ஜுக்குப் பிறகு

எங்கே படுப்பார், யார் கஞ்சி வைப்பார் என்பதை டிஸ்சார்ஜுக்கு இரண்டு நாள் முன்பே முடிவு செய்யுங்கள். மாடி ஏற முடியாதவரை மாடி ரூமுக்கு அனுப்பி, மறுபடி அட்மிட் ஆனால் வசூல் மறுபடி முதலிலிருந்து. மிச்சப் பணம் இருந்தால் மறுபரிசோதனை, பிசியோதெரபி, இரண்டு மாதச் சாப்பாடு என்று பிரித்துக் கமிட்டிக் கணக்கிலேயே வையுங்கள்.

விபத்து வழக்கு என்றால் இழப்பீட்டு மனுவை ஆறு மாதத்துக்குள் போட வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி, பில்கள், எஃப்.ஐ.ஆர். நகல் மூன்றையும் ஒரே ஃபைலில் போட்டுப் பையன் கையில் கொடுங்கள், ஒரு செட் நகல் உங்களிடம் இருக்கட்டும். நடக்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே அவரை இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போய்த் தனி நபர் ரேஷன் கார்டுக்கு விண்ணப்பம் போடுங்கள். கார்டு வந்ததும் அதே வாரத்தில் வருமானச் சான்று வாங்கி, கலெக்டர் அலுவலகத்தில் காப்பீட்டிலும் பதிந்துவிடுங்கள்.